சீரம் நுழையாத அறை

செல் வளர்ப்பது மாடு வளர்ப்பதைவிடக் கஷ்டம். மாட்டுக்குப் பசித்தால் கத்தும், செல் கத்தாமலே செத்துப்போகும்.

இன்குபேட்டர் கதவைத் திறக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்யாணப் பந்தியில் பாதியில் எழுந்து லேபுக்கு ஓடியவர்கள், திங்கட்கிழமை காலையில் கலங்கிப்போன தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சத்தம் போடாமல் உட்கார்ந்தவர்கள். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு தரம் சொல்கிறேன். ஒரு தரம்தான்.

நான் கால்நடைத் தடுப்பூசி தயாரிக்கும் இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது தேர்வாய் கண்டிகையில் ஒரு சின்னக் கம்பெனியில் செல் அறைக்குப் பொறுப்பு. சோதனைக் குழாய்க் குழந்தைக்காக உண்டாக்கிய கருக்களில் மிஞ்சியதைச் சில தம்பதிகள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். யாரென்று எங்களுக்குத் தெரியாது. தெரியக் கூடாது. அந்தக் கருவுக்குள் இருக்கும் செல் எதுவாக வேண்டுமானாலும் மாறக்கூடியது. விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ஒரு படலமாக அதை மாற்றப் பார்க்கிறோம், நடுப்பார்வை போனவர்களுக்காக.

மனிதக் கண்ணுக்குள் போகப்போகிற செல். அதனால் எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்: பிராணியிடமிருந்து எடுத்த எதுவும் அதைத் தொடக் கூடாது. முன்பெல்லாம் எலியின் செல்லைப் பாயாக விரித்து, அதன் மேல் வளர்த்து, கன்றின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை ஊட்டி, பன்றிக் கணையத்து என்சைமால் பெயர்த்து எடுப்போம். கூடவே பிராணியின் வைரஸ் வரலாம். அதன் புரதத்தைப் பார்த்து நம் உடம்பு சண்டைக்கு வரலாம். ஒரு தரம் தொட்டுவிட்டால் அந்தச் செல் ஆராய்ச்சிக்கு மட்டும்தான். ஆள் உடம்புக்குள் போகாது.

கேட்டில் நின்ற குழம்பு

பிராணிப் பொருள் உள்ளே வரக் கூடாது என்று செல் அறைக் கதவில் ஒட்ட வேண்டிய நோட்டீஸை யாரோ மெயின் கேட்டில் ஒட்டிவிட்டார்கள். செக்யூரிட்டி ராமையா சத்தியவேடு பக்கத்துக்காரர். சொன்னதைச் செய்கிற ஆள். அன்றைக்கு ஷிஃப்டுக்கு வந்த எல்லோருடைய டிபன் கேரியரையும் திறந்து மோந்து பார்த்தார். என் டெக்னீஷியன் ஸ்டெல்லாவின் கருவாட்டுக் குழம்பு கேட்டிலேயே நின்றது. "கொழம்பு உள்ள போவலன்னா நானும் போவல" என்று அவளும் நின்றாள். ஸ்டெல்லா என்னோடு தடுப்பூசிக் காலத்திலிருந்தே இருப்பவள். கல்லூரிக்குப் போகிற பையன் இருக்கிறான். அவளை நிறுத்தினால் வேலை நிற்கும்.

நான் போய், நாம் தின்பது பிரச்சினை இல்லை, செல் தின்பதுதான் பிரச்சினை என்று சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். கன்றின் சீரத்துக்குப் பதிலாக மனித ரத்தத்திலிருந்து பிரித்த புரதம் கொடுக்கிறோம் என்றும் சொல்லித் தொலைத்தேன். ராமையா கேரியரை மூடித் திருப்பிக் கொடுத்தார். முகம் மாறிவிட்டது.

"மாட்டு ரத்தம் ஆவாது, மனுஷ ரத்தம் ஆவுமா? எனக்கு பகல் டூட்டியே போட்டுடு நைனா."

பால்

வரதன் திருவள்ளூரில் எனக்கு அடுத்த தெரு. கோயில் கைங்கர்யம் செய்கிற குடும்பம். இவன் படித்துவிட்டுத் தரக் கட்டுப்பாட்டுக்கு வந்துவிட்டான். ஒரு பாட்டில் உள்ளே வர வேண்டுமென்றால் அதன் பூர்வீகம் முழுக்க விசாரிப்பான். பெண் பார்க்கப் போனால்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள்.

ஒரு கம்பெனிப் பிரதிநிதி புது என்சைம் கொண்டுவந்தார். பன்றியே வேண்டாம், பாக்டீரியாவே செய்து கொடுக்கிறது என்றார். அந்த பாக்டீரியா என்ன சாப்பிட்டு வளர்ந்தது என்று வரதன் கேட்டான். அவர் வெளியே போய் யாருக்கோ போன் போட்டுவிட்டு வந்தார். பால் புரதம் கலந்த கஞ்சியாம். வரதன் பாட்டிலை ஒரு விரலால் நகர்த்தி அவர் பக்கம் தள்ளினான். "பால்தானே சார், சைவம்தானே, நீங்களே குடிப்பீங்களே" என்று அவர் கெஞ்சினார்.

"எங்காத்துல அது பால். இங்க அது மாடு. எடுத்துண்டு போங்கோ."

நாலாவது

எங்களிடம் இரண்டு அறை. ஒன்று சீரம் நுழையாத புது அறை. தாழ்வாரத்துக்கு அந்தப் பக்கம் பழைய அறை; பழைய முறையில், சீரம் போட்டு வளர்த்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. பழைய அறையில் எதை வைத்தாலும் வளரும். புது அறையில் எல்லாம் அடம் பிடிக்கும். முதல் கருவின் செல் தட்டில் ஒட்டவே இல்லை. இரண்டாவது ஒட்டியது, ஒட்டிய வேகத்தில் கண்டபடி மாறிப்போனது. மூன்றாவது அழகாக வந்தது. குரோமோசோமைப் பார்த்தால் உடைந்திருந்தது. நாலாவதுதான் நின்றது. ஓரம் கலையாத சின்னச் சின்னத் திட்டுகளாக, தட்டோடு படிந்து. கொஞ்சம் எடுத்து உறையவைத்துச் சேமிக்கப் பார்த்தோம். உருக்கினால் ஒன்றும் எழவில்லை. ஆக, உயிரோடிருந்த தட்டுகள்தான் எங்கள் சொத்து. இன்னொரு கரு வேண்டுமென்றால் அனுமதி கொடுக்கிற நெறிமுறைக் கமிட்டி முன் மறுபடி முதலிலிருந்து நிற்க வேண்டும்.

செல்லுக்குத் தினம் மீடியம், அதாவது அது தின்னும் சத்து நீர், மாற்ற வேண்டும். அதற்குப் பொங்கல் தெரியாது, கிறிஸ்துமஸ் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஸ்டெல்லா நல்ல புடவையோடு நேராக லேபுக்கு வருவாள். அவள் புருஷன் பைக்கைக் கேட்டருகில் நிறுத்திவிட்டு வெயிலில் நிற்பான். ஒரு நாள் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சொன்னான்.

"எங்க ஊட்ல எனக்கு நாஷ்டா குடுக்கறதுக்கு மின்னாடி அதுக்கு குடுத்துட்டு வரா சார். பேசாம எங்க ரேஷன் கார்டுல அத சேத்துடுங்க."

பாஸ்டரின் கேள்வி

ஸ்டெல்லாவின் சர்ச் பாஸ்டர் ஒரு நாள் என்னைத் தேடி வந்தார். கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். அவள் என்ன வேலை செய்கிறாள் என்று சர்ச்சில் யாரோ எதையோ சொல்லியிருக்கிறார்கள். "அது ஒரு குழந்தையா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார். சுற்றி வளைக்காத மனிதர். எனக்குப் பிடித்திருந்தது. ஒரே வார்த்தை என்னிடம் இல்லை. குழந்தையாகி இருக்கக்கூடியது, யாரும் வைத்துக்கொள்ளாதது, தூக்கிப் போட இருந்தது, கொடுத்தவர்கள் சம்மதித்துக் கொடுத்தது என்று சொன்னேன்.

அவர் மீதி டீயைக் குடித்து முடித்தார். சம்மதம் என்றும் சொல்லவில்லை, பாவம் என்றும் சொல்லவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"தூக்கிப் போட இருந்ததுன்னு சொல்றீங்க. நீங்க தூக்கிப் போடல, கையில வாங்கிட்டீங்க. இனிமே அத வீணாக்கிட்டேன்னு மட்டும் வந்து சொல்லாதீங்க."

ஒரு சொட்டு

தணிகாசலம் எங்களோடு தடுப்பூசிப் பிரிவில் இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு ஆர்.கே.பேட்டையில் மாந்தோப்பு. ஒரு கூடைப் பழத்தோடு எங்களைப் பார்க்க வந்தான். புது அறையின் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தி, திரையில் நாலாவதைக் காட்டினோம். உதட்டைப் பிதுக்கினான். தடுப்பூசிப் பிரிவில் எங்களுக்கெல்லாம் ஒரே வைத்தியம்தான்: செல் சோர்ந்தால் சீரம், மிதந்தால் இரண்டு மடங்கு சீரம். யோசிக்க மாட்டோம். கையே செய்யும். அதைச் செய்யாமல் விட்டால்தான் அங்கே திட்டு விழும்.

"மஞ்சக் காமாலை வந்தவன் மாதிரி கீது உங்க செல்லு. ஏன்யா பட்டினி போடறீங்க? ஒரு சொட்டு சீரம் ஊத்துய்யா, காலத்துக்கும் உன்ன வாழ்த்தும்."

சுவரைப் பார்த்துப் பேசியவர்

ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரலாம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். ஸ்டெல்லா அவள் அப்பாவை அழைத்து வந்தாள். மோசஸ். கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில், பழுக்கக் காய்ந்த கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்பி விடுகிற வேலை செய்தவர். பொரியை வாயில் போட்டுக்கொண்டு என்னிடம் பேசினார். பேச்சு என்னிடம், பார்வை சுவரில். எனக்கு அந்த மாதிரி ஆட்களைக் கண்டால் ஆகாது. "என்னைப் பார்த்துப் பேசுங்க" என்று சொல்லிவிட்டேன். ஸ்டெல்லா குறுக்கே வந்தாள். "பாத்துக்கினுதான் சார் கீறாரு. நேரா பாத்தா நடுவுல ஒரே கறுப்பு, உங்க மூஞ்சி தெரியாது. செவுத்த பாத்தாதான் ஓரத்துல நீங்க தெரிவீங்க."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இவள் எதற்காக ஞாயிற்றுக்கிழமை ஓடி வருகிறாள் என்று. மறுநாள் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொன்னேன். நாம் செல்லை வளர்ப்பதோடு சரி. அதற்கப்புறம் சோதனை, அனுமதி, எத்தனையோ இருக்கிறது. யார் கண்ணுக்கு என்று தீர்மானிப்பது நம் கையில் இல்லை. உங்கப்பா கண்ணை இந்தத் தட்டோடு முடிச்சுப் போடாதே என்றேன். அவள் கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"முடிச்சுலாம் போடல சார். பக்கத்துல வெச்சிக்கினு கீறேன், அவ்ளோதான்."

மூடி

அந்த வருஷப் பெருமழையை நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஊத்துக்கோட்டை வழியில் ரோட்டை மூடிவிட்டார்கள். நான் திருவள்ளூரில் மாட்டிக்கொண்டேன். போன் டவரும் போச்சு. கம்பெனியில் கரண்ட் போய், ஜெனரேட்டர் அறைக்குள் தண்ணீர் புகுந்து, அதுவும் நின்றது. ஸ்டெல்லா மட்டும் ஒரு டிப்பர் லாரியில் ஏறி வந்து சேர்ந்திருக்கிறாள். புது அறை இன்குபேட்டர் சில்லிட்டுக் கிடந்தது. பழைய அறையில் ஒரு சின்ன இன்குபேட்டர் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. நாலாவதின் தட்டுகளைத் தூக்கிக்கொண்டுபோய் அதில் வைத்துவிட்டாள்.

தண்ணீர் வடிந்து நானும் வரதனும் போய்ச் சேர்ந்தோம். தட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். உயிரோடிருந்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏதாவது பட்டிருந்தால்கூட, எவ்வளவு அனுபவம் இருந்தாலும் பார்த்துச் சொல்ல முடியாது. வரதன் கண்ணை மூடிப் "பெருமாளே" என்றான். இடம் மாறியதற்கு விளக்கம் எழுதிக் கொடுத்துப் போராடிப் பார்க்கலாம், மூடியைத் திறக்கவில்லை என்றால் தொட்டதாகாது என்று அவனே வழியும் சொன்னான். சொல்லிக்கொண்டே ஸ்டெல்லாவைப் பார்த்தான். அவள் உலர்ந்த கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டே இருந்தாள். மூடியைத் திறந்தாயா என்று கேட்டேன்.

"தொறந்தேன் சார். எல்லாம் பேத்துக்கினு மெதந்துச்சி. சீரம் ஊத்திட்டேன், எல்லாத் தட்டுலயும்."

கழுவினால்

பாலைத் திருப்பி அனுப்பிய வரதன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "சார், அலம்பிண்டே வந்தா போயிடாதா? தட்டு மாத்தி மாத்தி? நாம மூணு பேர்தானே சார் இருக்கோம்?" இப்படி அவன் பேசி நான் கேட்டதில்லை. இரண்டு வருஷ உழைப்பு அவனுக்கும் போகிறது. கழுவலாம், அளவு குறையும் என்றேன். கன்றின் சீரத்திலிருக்கும் ஒரு சர்க்கரையை மனிதச் செல் எடுத்துத் தன்மேல் ஒட்டிக்கொள்ளும், போகப்போகத் தேயும். தேய்ந்துவிட்டது என்று நாம் எழுதலாம். தொடவே இல்லை என்று எழுத முடியாது. வரதன் தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்குக் கோபம் அவள் மேல்தான். சீரம் ஊற்றியதற்கு இல்லை. அந்த நேரத்தில் அங்கே நான் நின்றிருந்தால் என் கையும் அந்த பாட்டிலைத்தான் தேடியிருக்கும். அதை எங்களிடம் சொன்னதற்கு. வாயை மூடிக்கொண்டிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காதே, இப்போது நஷ்டம் உங்கப்பாவுக்குத்தானே என்று கேட்டேன். பொறுப்பில் இருப்பவன் கேட்கிற கேள்வியா அது? வாயில் வந்துவிட்டது.

"எங்கப்பா கண்ணுல வெக்க வேண்டியது சார் அது. வேற யார் கண்ணுக்கோன்னு இருந்தா பேசாம கூட இருந்திருப்பேன்."

எப்படி அழுவது

எங்கள் தலைவி டாக்டரம்மா மறுநாள் வந்தார். அவர் திட்டியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாலாவதின் தட்டுகளுக்குச் சிவப்பு லேபிள் ஒட்டினார்கள்: ஆராய்ச்சிக்கு மட்டும். கமிட்டி முடிவு சொல்கிறவரை ஸ்டெல்லா புது அறைக்குள் போகக் கூடாது. அவளை வேலையை விட்டே எடுக்க வேண்டும் என்று மேலே ஒரு பேச்சு கிளம்பியது. சொன்னவளை வெளியே அனுப்பினால் அடுத்தவன் சொல்ல மாட்டான், அப்புறம் உங்கள் லேபிளுக்கு என்ன மதிப்பு என்று கேட்டேன். அவ்வளவுதான் பேசினேன். பேச்சு அடங்கியது.

பழைய அறையில் நாலாவது கொழுகொழுவென்று வளர்ந்தது. புது அறையில் அது அப்படி ஒருநாளும் வளர்ந்ததில்லை. ஸ்டெல்லாதான் அதற்கும் மீடியம் மாற்றினாள். டாக்டரம்மா கண்ணாடிக்கு வெளியே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மூணும் கைவிட்டுப் போச்சு, அழுதேன், விட்டுட்டேன். இது உயிரோட இருக்கு, நமக்கு இல்ல. இதுக்கு எப்படி அழறதுன்னு தெரியல சார்."

மோசஸ் வீட்டில்

"அப்பா கேட்டுக்கினே கீறாரு சார், மழையில தட்டு பொழச்சுதா, பொழச்சுதான்னு. பொழச்சுதுன்னு சொல்லிட்டேன். மீதிய சொல்ல வாய் வரல. நீங்கதான் யாரா இருந்தாலும் பட்டுனு சொல்லிடுவீங்க" என்றாள் ஸ்டெல்லா. இது பாராட்டா, வசையா என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனேன். கும்மிடிப்பூண்டி ரோட்டை ஒட்டி வீடு. லாரி போனால் ஜன்னல் அதிர்கிறது. மோசஸ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். எனக்கும் ஒன்று போட்டார்கள். ஸ்டெல்லா உள்ளேயே இருந்துகொண்டாள்.

சொன்னேன். செல் பிழைத்தது, ஆனால் கன்றின் சீரம் பட்டுவிட்டது, இனி யார் கண்ணுக்குள்ளும் போகாது, இன்னொரு கருவுக்கு மனுப் போட்டிருக்கிறோம், வந்தாலும் முதலிலிருந்து, அது முடிவதற்குள் எத்தனை வருஷம் ஆகுமோ. "யாரு ஊத்துனது?" என்றார். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. "ஸ்டெல்லா" என்றேன். அவர் சிரித்தார். "சின்ன வயசுலயே அப்டித்தான். செத்துப்போன கோழிக்குஞ்ச மடியில போட்டுக்கினு வாயில தண்ணி ஊத்திக்கினு இருக்கும்" என்றார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

"அப்ப எனக்கு?" என்று கேட்டார். உங்களுக்கு இல்லை என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது. ஒரு டிரெய்லர் லாரி போயிற்று, ஜன்னல் அதிர்ந்தது. ஸ்டெல்லா டீயைக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எழுந்தேன்.

"பாப்போம், பாப்போம்னே இத்தினி வருசம் ஆஸ்பத்திரில ஓட்டிட்டானுங்க. இல்லன்னு ஊடு தேடி வந்து சொன்ன மொத ஆளு நீங்கதான். குந்துங்க சார், டீ ஆறிப்போவுது. நீயும் குந்தும்மா."

மாட்டையும் பன்றியையும் எலியையும் வாசலிலேயே நிறுத்த இந்தத் தொழில் கற்றுக்கொண்டுவிட்டது, கூட்டாளிகளே. மனுஷக் கை படாமல் மனுஷச் செல்லை வளர்க்கத்தான் இன்னும் ஒருத்தருக்கும் வழி தெரியவில்லை.